இக்போ மக்களின் ஒடினானி: அன்றாட வாழ்க்கையில் தெய்வமும் மண்ணும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நைஜீரியாவின் தென்கிழக்கில் இருக்கும் அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோன்யி ஆகிய ஐந்து மாநிலங்கள் இக்போ மக்களின் சொந்த மண். எனுகுவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அங்கே வேலைக்குப் போகிறவர்களும், இக்போ நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்களும், சும்மா ஆர்வத்தில் கேட்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்த மதத்துக்குப் பெயர் என்ன?

ஒடினானி. சில ஊர்ப் பேச்சில் ஒடினாலா. ‘மண்ணில் இருப்பது’ என்று பொருள். ஊர் வழக்கத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை ஒமெனாலா. அதிலும் ‘அலா’ என்ற மண் இருக்கிறது. வழிபாடு, வழக்கம் இரண்டுக்கும் மண்ணே வேர்ச்சொல்.

இதை நிறுவியவர் என்று யாரும் இல்லை. வேதப் புத்தகம் இல்லை, தலைமைப் பீடம் இல்லை. அடுத்தடுத்த ஊர்களிலேயே முறைகள் மாறும். அதனால் கீழே படிக்கும் எதையும் ‘இக்போக்கள் எல்லோரும் இப்படித்தான்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஜூஜு’ என்ற பெயர் வெளியாட்கள் ஒட்டியது. அதை அங்கே போய்ச் சொல்லாதீர்கள்.

அவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்தானே?

ஆமாம். கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கன் சபையாரும் அதிகம், பெந்தெகொஸ்தே சபைகளும் நிறைய. ஞாயிற்றுக்கிழமை தெருவே காலியாகிவிடும். ஒடினானியை முழுக்கப் பின்பற்றுகிறவர்கள் இன்று சிறுபான்மைதான்.

ஆனால் சனிக்கிழமை நடக்கும் நிச்சயதார்த்தத்தில் பெரியவர் கோலா கொட்டையைக் கையில் எடுத்து முன்னோரைக் கூப்பிடுவார். குழந்தைக்கு வைக்கும் பெயரில் ‘சி’ என்ற துணைத் தெய்வம் இருக்கும். லாகோஸில் இறந்தவரைச் சொந்த ஊர் மண்ணுக்குத்தான் கொண்டுபோவார்கள். கேட்டால், ‘இது மதம் இல்லை, எங்கள் பண்பாடு’ என்பார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் கேட்கிற நமக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அந்தச் செயல் ஒவ்வொன்றும் ஒடினானியில் பிறந்தது. இந்த மதத்தைப் பார்க்க வேண்டுமானால் கோயில் தேடி அலைய வேண்டியதில்லை. மனிதர்களின் கையையும் காலடி மண்ணையும் பார்த்தால் போதும்.

கடவுள் ஒருவரா, பலரா?

எல்லாவற்றுக்கும் மேலே சுக்வு. ‘சி’, ‘உக்வு’ என்ற இரண்டு சொல் சேர்ந்தது, ‘பெரிய சி’. சினேகே என்றும் சொல்வார்கள். ‘படைக்கும் சி’ என்று அதற்குப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. ‘சியும் எகேயும்’ என்று இரண்டு தெய்வச் சக்திகளாகப் பிரித்துப் பார்க்கிறவர்களும் உண்டு. இக்போ பைபிளில் கடவுளுக்கு இந்தப் பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள்.

சுக்வுவுக்குத் தனியாகச் சன்னதி வைப்பது அபூர்வம். அன்றாடக் காரியங்களை அலுசி எனப்படும் தெய்வங்கள் பார்த்துக்கொள்ளும். மண்ணுக்கு அலா (சில ஊர்களில் அனி), இடிக்கு அமாடியோஹா, சூரியனுக்கு அன்யான்வு, யாம் கிழங்குக்கு இஃபெஜியோகு அல்லது அஹியாஜோகு, குறிக்கும் மருந்துக்கும் அக்வு. ஆற்றுக்கும் ஓடைக்கும் சந்தைக்கும்கூட உண்டு. இவர்களோடு முன்னோர்களும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். பெரியவர் சாப்பிடும் முன் ஒரு துண்டைத் தரையில் போடுவது அவர்களுக்குத்தான்.

எக்வென்சு என்றொரு தெய்வம் இருந்தது. போர்க்குணமும் குறும்பும் உள்ள தெய்வம். மேற்கு இக்போ ஊர்கள் சிலவற்றில் அதற்குத் திருவிழாவே நடந்தது. மிஷனரிகள் சாத்தானுக்கு ஒரு பெயர் தேடியபோது இதை எடுத்துக்கொண்டார்கள். இன்று இக்போ பேசும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் எக்வென்சு என்றால் சாத்தான் என்றுதான் சொல்லும். ஒரு மொழிபெயர்ப்பு ஒரு தெய்வத்தையே தலைகீழாக்கிவிட்டது. எனக்கு இது இன்னும் வருத்தம் தரும் விஷயம்.

‘சி’ என்றால் தலைவிதியா?

கிட்டத்தட்ட, ஆனால் முழுக்க இல்லை. ஒவ்வொரு மனிதருக்கும் சொந்தமாக ஒரு சி உண்டு. பிறக்கும்போது கூடவே வரும் துணை அது. உங்கள் பங்கு என்ன என்பது அதனோடுதான் பேசி முடிவானது. உங்கள் சி வேறு, உங்கள் அண்ணன் சி வேறு. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் மேலே வருவதும் இன்னொருவர் கஷ்டப்படுவதும் ஏன் என்று கேட்டால் அங்கே இதைத்தான் காரணம் சொல்வார்கள்.

ஆனால் சி தலையில் எழுதிவிட்டுப் போய்விடுவதில்லை, கூடவே நிற்கிறது. ‘ஒன்யே க்வே, சி யா எக்வே’ என்பது எல்லோர் வாயிலும் வரும் பழமொழி: ஒருவர் சரி என்றால் அவருடைய சியும் சரி என்னும். அதாவது முதலில் நீ சம்மதிக்க வேண்டும், முயற்சி எடுக்க வேண்டும். இன்னொரு பக்கம், ‘தன் சியைவிடப் பெரியவர் யாரும் இல்லை’ என்றும் சொல்வார்கள். இரண்டும் முரண்தான். ஒரே பெரியவர் ஒரே உட்காரலில் இரண்டையும் சொல்வார். பையன் சோம்பேறியாக இருந்தால் முதலாவது, எவ்வளவோ உழைத்தும் தோற்றுப்போனவன் வந்து உட்கார்ந்தால் இரண்டாவது. எந்தச் சொல் யாருக்கு என்று தெரிந்து சொல்வதில்தான் அந்தப் பெரியவரின் பக்குவம் இருக்கிறது.

இன்னொரு அழகு: இக்போ மொழியில் பகல் வெளிச்சத்துக்கும் ‘சி’ என்றுதான் பெயர். இரவு படுக்கப் போகும்போது ‘கா சி ஃபோ’ என்பார்கள். ‘சி விடியட்டும்’. நாம் சாதாரணமாக குட் நைட் சொல்லிவிட்டுப் போகும் இடத்தில் அவர்கள் சொல்வது இது.

வீட்டுக்குப் போனால் முதலில் ஒரு கொட்டையைத் தருகிறார்களே, அது ஏன்?

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஒடினானியின் முழு உருவத்தையும் பத்து நிமிஷத்தில் பார்க்க வேண்டுமென்றால் கோலா உடைப்பதைப் பார்த்தால் போதும்.

கோலாவை இக்போவில் ஒஜி என்பார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் என்னை அவ்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அவருடைய அப்பா வீட்டு முன்கட்டில், ஒபி என்று சொல்லும் வரவேற்புக் கூடத்தில், உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர்கூட வரவில்லை. முதலில் ஒரு மரத்தட்டு வந்தது. அதில் நான்கு கோலா, பக்கத்தில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் கத்தரிக்காய்கள், காரம் போட்ட வேர்க்கடலை விழுது. தட்டு உடனே உடைபடவில்லை. அவர் தொட்டு அடுத்தவரிடம் கொடுத்தார், அவர் தொட்டு அடுத்தவரிடம். எந்த உறவு முறையில், எந்த மூப்பு வரிசையில் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் வரை வந்தது. நானும் தொட்டேன். சுற்றி முடித்துத் தட்டு பழையபடி அவர் கைக்கே வந்ததும் ஒருவர் சொன்னார்: ‘ஒஜி எஸெ டி எஸெ நாகா’. ராஜாவின் கோலா ராஜா கையில்.

அப்புறம் அவர் ஒரு கோலாவை வலது கையில் உயர்த்திப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். சுக்வுவைக் கூப்பிட்டார், மண்ணைக் கூப்பிட்டார், இறந்துபோன தன் அப்பாவையும் தாத்தாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ‘கோலா கொண்டுவந்தவன் உயிர் கொண்டுவந்தான்’ என்றார். பிள்ளை வேண்டும், உடம்பு சுகம் வேண்டும், வந்தவர் நல்லபடி ஊர் போய்ச் சேர வேண்டும் என்றார். ‘பருந்தும் உட்காரட்டும், கழுகும் உட்காரட்டும், இன்னொன்றை உட்காரவிடாததன் சிறகு ஒடியட்டும்’ என்றார். ஒவ்வொரு வரிக்கும் மற்றவர்கள் ‘ஈசே’ என்று சேர்ந்து சொன்னார்கள். ‘அப்படியே ஆகட்டும்’ என்பதுபோல.

வயதில் இளையவர் ஒருவர் கத்தியால் கோலாவைப் பிரித்து எத்தனை பருப்பு என்று எண்ணிச் சொன்னார். இதுவும் முக்கியம். நான்கு வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். நான்கு சந்தை நாளும் நிறைவாக வந்துவிட்டது என்பார்கள். மூன்று வந்தால் வீரம், ஐந்து வந்தால் பிள்ளை குட்டியும் செல்வமும். பிரியவே பிரியாதது ‘ஊமைக் கோலா’, அதைச் சாப்பிட மாட்டார்கள். இரண்டே பருப்பு இருக்கும் இன்னொரு ரகத்தைக் கடையில் வாங்கலாம், சாப்பிடலாம், சடங்குக்கு ஆகாது. ஒரு துண்டு வாசல் பக்கம் முன்னோருக்குப் போனது. மிச்சம் எங்களுக்கு. கடித்தால் நல்ல கசப்பு, ஆனால் பிறகு தண்ணீர் குடித்தால் தித்திக்கும்.

நான் ஆங்கிலத்தில் நன்றி சொல்ல வாயெடுத்தபோது நண்பர் மெதுவாக என் முழங்கையைத் தொட்டார். ‘கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது’ என்பது அங்கே பழமொழி. லண்டனிலும் ஹூஸ்டனிலும் நடக்கும் இக்போ கூட்டங்களிலும் இதைச் சொல்லித்தான் பெரியவர் ஒருவரை இக்போவில் வேண்டச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு மொழி மறந்துபோகிற இடத்தில் ஒரு கொட்டை மொழியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

தரையில் வெள்ளைக் கோடு போடுகிறார்களே?

அது ந்சூ, வெள்ளைக் களிமண் கட்டி. ந்ரி, அவ்கா பக்கம் கோலாவோடு இதையும் நீட்டுவார்கள். வந்தவர் தரையில் கோடுகள் இழுத்து, கொஞ்சம் எடுத்துக் கால் பெருவிரலிலோ கண்ணிமையிலோ தடவிக்கொள்வார். மனசு வெள்ளையாக வந்திருக்கிறேன் என்று மண்ணுக்குச் சொல்வது அது.

மண் அவ்வளவு பெரிய தெய்வமா?

அன்றாட வாழ்க்கையைப் பொறுத்தவரை அலாதான் முதல். விளைச்சல் தருபவள், பிள்ளை வரம் தருபவள், செத்தவரை மடியில் வாங்கிக்கொள்பவள். நீதியும் அவள் கையில்தான். சொந்தக்காரரைக் கொல்வது, இரத்த உறவுக்குள் தகாத உறவு, வயலில் நட்ட யாம் கிழங்கைத் திருடுவது இதெல்லாம் ‘ந்சோ அலா’, மண்ணுக்கு ஆகாதது. செய்தவர் ஒருவர்தான் என்றாலும் தீட்டு ஊருக்கே வரும். அதனால் ஊரே சேர்ந்து பரிகாரம் தேட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் செய்வதில் எனக்கென்ன என்று இந்த ஏற்பாட்டில் யாரும் ஒதுங்கிவிட முடியாது.

இந்தப் பரிகாரத்தைச் செய்து வைக்கும் அதிகாரம் பல ஊர்களில் ந்ரி என்ற ஊரின் குருமார்களிடம் இருந்தது. எஸெ ந்ரி என்பவர் ராஜா என்று அழைக்கப்பட்டாலும் படை வைத்து ஆண்டவர் இல்லை. மண்ணின் தீட்டைக் கழிக்கும் உரிமைதான் அவருடைய அதிகாரம். அந்தப் பகுதியில் இருக்கும் இக்போ உக்வு என்ற ஊரில் 1938 வாக்கில் ஒருவர் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது வெண்கலப் பாத்திரங்கள் வெளியே வந்தன. பிறகு முறையான அகழாய்வு 1959ல் தொடங்கியது. கிடைத்தவை கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை: ஈயும் வெட்டுக்கிளியும் ஒட்டிய வெண்கலச் சங்குகள், கயிற்றால் கட்டியதுபோலவே வார்த்த பானை, ஒன்றரை லட்சத்துக்கும் மேலான மணிகள், அமர்ந்த நிலையில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெரிய மனிதர். ஆப்பிரிக்கக் காடுகளில் வெள்ளையர் வரும்வரை எதுவும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கயிற்றுப் பானையின் படம் ஒன்றைக் காட்டினால் போதும்.

மலைப்பாம்பைக் கொல்ல மாட்டார்களாமே?

இடெமிலி என்ற நதித் தெய்வத்தின் பகுதியில் கொல்ல மாட்டார்கள். ந்னோபி, ஒபோசி பக்கமெல்லாம் அந்தப் பாம்பு தெய்வத்தின் பிள்ளை. வீட்டுக்குள் வந்தால் குச்சியில் மெதுவாக ஏற்றி வெளியே விடுவார்கள். வண்டியில் தெரியாமல் அடிபட்டுச் செத்தாலும் மனிதருக்குச் செய்வதுபோல அடக்கம் செய்ய வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் பதற்றத்தில் கட்டையைத் தூக்கிவிடாதீர்கள், பக்கத்து வீட்டைக் கூப்பிடுங்கள்.

வாரத்துக்கு நாலு நாள்தானா?

எக்கே, ஓரியே, அஃபோ, ங்க்வோ. நான்கும் சந்தை நாட்கள், நான்கும் தெய்வ நாட்கள். இப்படி ஏழு வாரம் ஒரு மாதம், அதாவது 28 நாள். பதின்மூன்று மாதம் ஒரு வருஷம். ஆபீஸும் பள்ளிக்கூடமும் ஏழு நாள் கணக்கில் ஓடும்போதே, ‘சந்தை எப்போது?’ என்றால் பதில் இந்தக் கணக்கில் வரும். அவ்காவின் எக்கே அவ்கா, ந்னேவியின் ங்க்வோ ந்னேவி என்று பெரிய சந்தைகளின் பெயரிலேயே நாள் இருக்கிறது. மோட்டார் உதிரி பாகம் வாங்க ந்னேவிக்குப் போகிறவர் வாயிலும் அந்த நாளின் பெயர் வந்துவிடும். ஒகேகே, ஒகோரி, ஒகாஃபோர், ஒகோங்க்வோ என்ற குடும்பப் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தந்தச் சந்தை நாளில் பிறந்த ஆண்பிள்ளைகள் அவர்கள்.

பெயர்களுக்கு எல்லாம் அர்த்தம் உண்டா?

உண்டு, அதுவும் முழு வாக்கியமாகவே. சினெடு என்றால் கடவுள் வழி நடத்துகிறார். சியோமா என்றால் நல்ல சி. அஃபமெஃபுனா என்றால் என் பெயர் அழியாதிருக்கட்டும். ந்னாம்டி என்றால் என் அப்பா உயிரோடிருக்கிறார்; தாத்தா இறந்தபின் பிறந்த பேரனுக்கு இந்தப் பெயர் வந்தால் அர்த்தம் புரியும். ந்னென்னா என்றால் அப்பாவின் அம்மா. இறந்தவர் தன் வம்சத்திலேயே மறுபடி பிறப்பார் என்பது நம்பிக்கை. குழந்தை பிறந்ததும் வந்திருப்பது யார் என்று குறி பார்ப்பார்கள். ‘அம்மாவே வந்திருக்கிறார்’ என்று தெரிந்தால், சொந்த மகளையே செல்லமாக ‘அம்மா’ என்று கூப்பிடும் அப்பாக்கள் உண்டு. தொப்புள்கொடியைப் பனை வகை மரத்தடியிலோ வேறு பழமரத்தடியிலோ புதைப்பார்கள். அந்தக் குழந்தை அந்த மண்ணுக்குச் சொந்தம் என்பதற்கு அதுவே சாட்சி.

ஓக்பான்ஜே என்றால் பேய்ப்பிள்ளையா?

‘வந்து வந்து போகிறவர்’ என்று பொருள். பிறந்து, தாயை ஆசைப்பட வைத்து, சின்ன வயதிலேயே இறந்து, அதே தாய் வயிற்றில் மறுபடி பிறக்கும் குழந்தை. மறு உலகத்துத் தோழர்களோடு அதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. அதன் அடையாளமாக எங்கோ புதைத்து வைத்த கல்லோ முடிச்சோ, ‘இயி உவா’ என்பார்கள், அதைத் தோண்டி எடுத்துவிட்டால் பிள்ளை தங்கிவிடும் என்பது நம்பிக்கை. ‘மரணமே, கெஞ்சிக் கேட்கிறேன்’ என்று பொருள்படும் ஒன்வும்பிகோ, ‘இன்னொன்று நடக்காதிருக்கட்டும்’ என்று பொருள்படும் ஒஸோயெமெனா போன்ற பெயர்கள் இப்படிப்பட்ட வீடுகளில் பிறந்தவை.

இன்று மருத்துவர்கள் இதில் பலவற்றை அரிவாள் செல் இரத்தசோகையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணு இருந்தால் ஒரே வீட்டில் பிள்ளைகள் அடுத்தடுத்து இறப்பது விளங்கிவிடுகிறது. இப்போது கல்யாணத்துக்கு முன் இரத்தத்தில் இதைப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொல்கின்றன அங்கே பல திருச்சபைகள். ரொம்ப நல்ல வழக்கம். நாலு பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஐந்தாவதற்கு வைத்த அந்தப் பெயர்களைப் படிக்கும்போது, அதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வருவதில்லை.

டிபியா மந்திரவாதியா?

குறி சொல்கிறவர், வைத்தியர், பரிகாரம் சொல்கிறவர் எல்லாம் சேர்ந்தவர். குறி மட்டும் பார்ப்பவர் உண்டு, மூலிகை மட்டும் பார்ப்பவரும் உண்டு. குறிக்கு அஃபா என்று பெயர். விதைத் தோடுகள் கோத்த நான்கு சரங்களை வீசி, எந்தத் தோடு மல்லாந்தது, எது கவிழ்ந்தது என்று படிப்பார். ஒவ்வொரு அமைப்புக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் தினசரிப் பேச்சில் வராத தனி மொழி. வருஷக்கணக்கில் கற்க வேண்டிய வித்தை அது. அக்வு தெய்வம் பிடித்து ஆட்டினால் மட்டுமே ஒருவர் இதற்கு வர முடியும் என்பார்கள். வேலையில் நிலையில்லாமை, மனக்குழப்பம், அடுக்கடுக்கான நஷ்டம் என்று அந்த அழைப்பு ஆரம்பிக்கும்.

ஏமாற்றுகிறவர்களும் உண்டு, பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறவர்களும் உண்டு. 2004ல் ஒகிஜா என்ற ஊரின் சன்னதிகளில் போலீஸ் புகுந்து மண்டை ஓடுகளையும் சடலங்களையும் கண்டெடுத்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. சத்தியம் செய்து மீறியவர்களைத் தெய்வம் கொன்றது என்று சொல்லி அங்கே போட்ட உடல்கள் என்றார்கள். சத்தியத்தின் மேல் இருக்கும் பயத்தை வைத்து ஆட்களை ஆட்டிவைக்க முடியும் என்பது உண்மை. அதற்காக நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒவ்வொரு கிழவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

வேலை செய்யாத தெய்வத்தைத் தூக்கிப் போடுவார்களாமே?

ஆமாம், எனக்கு இந்த மரபில் ரொம்பப் பிடித்த விஷயம் இது. இகெங்கா என்பது ஒருவருடைய வலது கையின் வலிமைக்கும் முயற்சிக்கும் உரிய மரச்சிலை. தலையில் இரண்டு கொம்பு, கையில் கத்தி. அதற்குப் படையல் போடுவார்கள். ஆனால் ‘இகெங்கா பலிக்கவில்லையா, பிளந்து அடுப்பில் போடு’ என்று பழமொழியும் வைத்திருக்கிறார்கள். ஒரு அலுசி அளவுக்கு மீறித் தொல்லை கொடுத்தால், ‘உன்னை எந்த மரத்தில் செதுக்கினோம் என்று காட்டுவோம்’ என்பார்கள். ஊரே கூடி ஒரு தெய்வத்தை விலக்கிவைத்ததும் உண்டு. தெய்வத்துக்கும் மனிதருக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் நியாயமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள்.

ஒஃபோ மட்டும் வேறு மாதிரி. அது ஒரு குறிப்பிட்ட மரத்தின் சின்னக் கிளை. வெட்டி எடுப்பதில்லை, மரமே உதிர்ப்பது. வம்சத்தின் மூத்த மகன் கையில் அது இருக்கும். உண்மையின் அடையாளம். தான் குற்றமற்றவன் என்று சொல்ல வரும் ஒருவர் இன்றைக்கும் ‘என் கையில் ஒஃபோ இருக்கிறது’ என்பார். பையில் பைபிள் வைத்திருப்பவரும் சொல்வார்.

முகமூடி போட்டு ஆடுகிறவர்கள் யார்?

ம்மன்வு. ஆடுகிறவர் மனிதர் என்று எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும், ஆனால் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து, எறும்புப் புற்றின் துளை வழியாக வந்த முன்னோர் அவர். குரலை மாற்றிப் பேசுவார். முன்பெல்லாம் வழக்குத் தீர்ப்பதும் தண்டம் வசூலிப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. இன்று திருவிழாவிலும் பெரியவர் சாவிலும் வருகிறார்கள். எதிரே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். பெண்கள் பக்கத்தில் போகக் கூடாது என்பது பொதுவான விதி.

அப்படியானால் பெண்களுக்கு இடம் இல்லையா?

கோலா உடைக்கும் உரிமை இல்லை, முகமூடி ரகசியத்தில் பங்கு இல்லை. இதைப் பூசி மெழுக நான் தயாராக இல்லை. சொத்தில்கூட மகளுக்குப் பங்கில்லை என்ற வழக்கத்தை 2014ல் நைஜீரிய உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

ஆனால் முழுப் படமும் அது இல்லை. அந்த வம்சத்தில் பிறந்து வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு உமுஅடா என்று பெயர். பிறந்த வீட்டில் சாவு, சண்டை என்றால் அவர்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அண்ணன் தம்பிகளும் மருமகள்களும் அடங்கித்தான் ஆக வேண்டும். பெண் பூசாரிகள் உண்டு. சன்னதிச் சுவர்களிலும் உடம்பிலும் வரையும் உலி ஓவியம் பெண்களின் கலை. 1929ல் பிரிட்டிஷ் வரிக்கு எதிராக ஆயிரக்கணக்கில் கிளம்பிய பெண்கள், பெண்ணுக்குத் தீங்கு செய்த ஆண் வீட்டு முன் கூடிப் பாட்டுப் பாடி அவமானப்படுத்தும் பழைய வழக்கத்தைத்தான் அதிகாரிகள் மேல் திருப்பினார்கள். இளம் பனங்குருத்தைக் கையில் ஏந்தி வந்தார்கள். அந்தக் குருத்துக்கு ஓமு என்று பெயர்; கட்டியிருக்கும் இடம் புனிதம் அல்லது ஆபத்து என்று அர்த்தம்.

இரட்டைக் குழந்தைகளைக் கொன்றார்கள், தீண்டாமை இருந்தது என்கிறார்களே?

இரண்டும் உண்மை. இரட்டையர் பிறப்பது மண்ணுக்கு ஆகாது என்று பல ஊர்களில் அந்தச் சிசுக்களைக் காட்டில் விட்டார்கள். அது நின்றுபோனது நல்லது. அதில் மிஷனரிகளுக்குப் பங்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓசு என்பது இன்னும் தீரவில்லை. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களும் அவர்கள் வம்சமும் ஓசு. மற்றவர்கள் அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். 1956ல் கிழக்கு மாகாணச் சட்டமன்றம் சட்டம் போட்டு இதை ஒழித்தது. தாளில் ஒழிந்தது. ஆனால் தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடும் இரண்டு குடும்பங்கள், பிள்ளைகள் காதலிக்கிறார்கள் என்றதும் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும். ‘அது ஓசு வீடு’ என்று பதில் வந்தால் கல்யாணம் நின்றுவிடும். பழைய தெய்வத்தை விட்டுவிட்டோம் என்கிறவர்கள் அந்தத் தெய்வத்துக்கு நேர்ந்த மனிதரை மட்டும் இன்னும் விலக்கிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வெள்ளையர்கள் இதை எப்படி உடைத்தார்கள்?

1857ல் ஒனிட்ஷா என்ற ஊரில் ஆங்கிலிக்கன் மிஷன் வந்தது. அதைக் கொண்டுவந்த சாமுவேல் அஜாயி க்ரௌதர் ஒரு யொருபா ஆப்பிரிக்கர். கத்தோலிக்கர்கள் 1885ல் வந்தார்கள். தேவாலயம் கட்ட இடம் கேட்டபோது பல ஊர்கள் ‘கெட்ட காட்டை’க் கொடுத்தன. ஆகாத சாவு செத்தவர்களைப் போடும் காடு அது. வந்தவர்கள் சாகாமல் பிழைத்தது ஊராரை அசைத்துவிட்டது. பள்ளிக்கூடம் அதைவிட அதிகமாக அசைத்தது.

படை வந்தது தனிக்கதை. அரோசுக்வு என்ற ஊரில் இபினி உக்பாபி என்ற பெரிய குறிமேடை இருந்தது. தீராத வழக்குகள் தூரத்து ஊர்களிலிருந்தும் அங்கே வரும். குற்றவாளி என்று சொல்லப்பட்டவர்களைத் தெய்வம் விழுங்கிவிட்டது என்பார்கள். அவர்களில் பலரைப் பின்வழியாக அடிமைகளாக விற்றார்கள். 1901 கடைசியிலிருந்து 1902 மார்ச் வரை பிரிட்டிஷ் படையெடுத்து அதைத் தகர்த்தது. அடிமை வியாபாரத்தை நிறுத்துவதாகத்தான் சொன்னார்கள். உள்நாட்டு வணிகமும் ஆட்சியும் கைக்கு வந்தது.

சாவுக்கு ஏன் அவ்வளவு செலவு செய்கிறார்கள்?

அடக்கம் ஒன்று, இக்வா ஓஸு என்ற சாவுச் சடங்கு வேறு. உடலை மண்ணில் வைத்துவிட்டால் மட்டும் இறந்தவர் முன்னோரிடம் சேர்ந்துவிட மாட்டார். பிள்ளைகள் அந்தச் சடங்கையும் செய்ய வேண்டும். வேட்டு வெடிக்கும், பசு வெட்டுவார்கள், முகமூடி வரும், மருமகன்கள் வீட்டார் மேளத்தோடு வருவார்கள். சடங்கு முடியாத வரை ஆவி வீட்டைச் சுற்றும். ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இறந்தாலும் உடல் சொந்த வீட்டு வளாகத்துக்கு வர வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். கடன் வாங்கிச் செய்து நொடிந்துபோன வீடுகளும் உண்டு, அதைக் குறைக்கச் சொல்லி ஆயர்களும் ஊர்ச் சங்கங்களும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புதுக் கிழங்குத் திருவிழாவுக்குப் போகலாமா?

தாராளமாக. இரி ஜி என்பார்கள், பெரும்பாலும் ஆகஸ்ட் மாதம். பெரியவரோ பூசாரியோ முதல் கிழங்கைப் படைத்துச் சாப்பிடும் வரை ஊரில் யாரும் புதுக் கிழங்கைத் தொடக் கூடாது. சுட்ட யாம், செம்பனை எண்ணெய் தொட்டு. இன்று பாதிரியாரும் வந்து ஜெபிக்கிறார். இமோ மாநிலத்தில் 1979லிருந்து கிழங்குத் தெய்வத்தின் பெயரில், அஹியாஜோகு உரை என்று அறிஞர்களை அழைத்துப் பேசவைத்தார்கள்.

இளைஞர்கள் திரும்பி வருகிறார்களா?

ஒரு பகுதியினர் வருகிறார்கள். யூடியூபில் அஃபா கற்றுத்தருகிறவர்கள், சுக்வுவின் பெயரை உரக்கச் சொல்கிறவர்கள், வெளிநாட்டில் பிறந்து வேரைத் தேடுகிறவர்கள் என்று பல வகை. எதிர்ப்பக்கத்தில் சன்னதிகளையும் பழைய மரச்சிலைகளையும் எரிக்கும் போதகர்களும் இருக்கிறார்கள். எரிந்த இகெங்காவை மறுபடி செதுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நான் விருந்தாளியாகப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

வலது கையால் வாங்குங்கள். கோலா வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கசப்புப் பிடிக்காவிட்டால் சின்னத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் பேசும்போது ‘ஈசே’ சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். எந்த மரத்தடியிலாவது வெள்ளைத் துணியோ பனங்குருத்தோ கட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

கிளம்பும்போது உடைக்காத ஒரு முழுக் கோலாவை உங்கள் கையில் வைப்பார்கள். அதைச் சாப்பிட்டுவிட வேண்டாம், ஊருக்குக் கொண்டுபோய் வீட்டாரிடம் காட்டுங்கள். ‘கோலா வீடு போய்ச் சேர்ந்ததும், தன்னைக் கொடுத்தது யார் என்று சொல்லும்’ என்பார்கள். அந்தப் பெரியவர் கொடுத்தது என் மேசை டிராயரில் இருக்கிறது. காய்ந்து சுருங்கிக் கறுத்துவிட்டது. யாராவது எடுத்துப் பார்த்து இது என்ன என்று கேட்கும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்கிறேன்.